வீடியோ அழைப்புமணிக்கு மின்சாரம் எங்கிருந்து? வாங்கும் முன் தீர்மானிக்க ஒரு வழிகாட்டி

வீடியோ அழைப்புமணி வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது படத்தின் தெளிவைத்தான். அதற்கடுத்துப் பார்வைக்கோணம், பதிவுகள் சேமிக்கப்படும் இடம், மாதச் சந்தா ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்ற கேள்வி, பெட்டியைப் பிரித்து வாசற்சுவரின் முன்னால் நிற்கும்போதுதான் பலருக்கும் எழுகிறது. அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். மின்சாரம் வரும் வழி முடிவாகிவிட்டால் எந்தக் கருவி உங்களுக்குப் பொருந்தும் என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும். மேலும், மணி கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பப்படும் கருவிகளில் பலவற்றில் கோளாறு கருவியில் இருப்பதில்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட மின்சாரத்தில்தான் இருக்கிறது.

இக்கருவிகள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு. ஜேமி சிமினாஃப் 'டோர்பாட்' என்ற பெயரில் உருவாக்கி 2013-இல் 'ஷார்க் டேங்க்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முன்வைத்த கருவிக்கு அங்கே முதலீடு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அது 'ரிங்' என்ற பெயரில், சார்ஜ் செய்துகொள்ளக்கூடிய பேட்டரியுடன் வெளிவந்தது. பழைய மணியின் கம்பி இருந்தால் அதிலும் இணைக்கலாம், இல்லாவிட்டால் சுவரில் திருகி மாட்டிவிட்டாலே போதும் என்ற வசதி, சுவரை உடைத்துக் கம்பி இழுக்க முடியாத வாடகை வீட்டுக்காரர்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களுக்கும் வழி திறந்தது. 2018-இல் அமேசான் அந்நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டில் கூகுளின் நெஸ்ட் பிரிவு கம்பியில் மட்டுமே இயங்கும் 'நெஸ்ட் ஹலோ'வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் 2021-இல் பேட்டரி வகையையும் சேர்த்துக்கொண்டது. இணையத்தில் பொருள் வாங்கும் பழக்கம் பெருகி, ஆளில்லாத நேரத்திலும் வாசலுக்குப் பொட்டலங்கள் வரத் தொடங்கியதும், எழுந்து போய்க் கதவைத் திறக்கச் சிரமப்படும் முதியவர்கள் இருக்கும் வீடுகளில் இதன் பயன் கண்கூடாகத் தெரிந்ததும் மற்ற காரணங்கள்.

பழைய மணிக்கும் புதிய மணிக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் எல்லாச் சிக்கல்களும் இதிலிருந்தே பிறக்கின்றன. பழைய மணி, யாராவது பொத்தானை அழுத்தும் ஓரிரு நொடிகள் மட்டுமே மின்சாரம் எடுத்துக்கொண்டது. மீதி நாள் முழுவதும் சும்மா இருந்தது. அதற்கான கம்பியும் மின்மாற்றியும் அந்தச் சில நொடிகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை. வீடியோ அழைப்புமணியோ கேமரா, வைஃபை, இரவில் எரியும் அகச்சிவப்பு விளக்குகள், ஒலிவாங்கி, ஒலிபெருக்கி எல்லாம் அடங்கிய ஒரு சிறு கணினி. கம்பியில் இயங்கும் வகைகள் இரவும் பகலும் சில வாட் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வாசலில் இப்போது என்ன இருக்கிறது?

எதையும் வாங்குவதற்கு முன், இப்போதுள்ள மணிப்பொத்தானுக்குப் பின்னால் என்ன மின்னழுத்தம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில நாடுகளின் வீடுகளில் பொத்தானுக்கு வருவது மின்மாற்றியால் குறைக்கப்பட்ட 8 முதல் 24 வோல்ட் வரையிலான மாறுமின்னோட்டம் (ஏசி). வேறு பல நாடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகும் அதே 220–240 வோல்ட் நேராகப் பொத்தானுக்கே வந்துவிடுகிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகைக் கம்பியில் 24 வோல்ட்டுக்கான வீடியோ மணியை இணைத்தால் கருவி அந்தக் கணமே எரிந்துவிடும். இணைப்பவருக்கும் உயிராபத்து உண்டு.

ஆகவே வீட்டின் மின்பலகையில் மணிக்கான எம்சிபியை (அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டுத்தான் பொத்தானின் மூடியைக் கழற்ற வேண்டும். எந்த எம்சிபி என்று தெரியாவிட்டால் முதன்மைச் சுவிட்சையே அணைப்பது நல்லது. அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அதற்கு முன், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் அந்த டெஸ்டர் வேலைசெய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழுதடைந்த டெஸ்டரும் 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும். உள்ளே தடித்த உறையுடன் கூடிய வீட்டு வயரிங் கம்பிகள் வந்தாலோ, பொத்தான் விளக்குச் சுவிட்சுகளுடன் ஒரே பலகையில் இருந்தாலோ, அது முழு மின்னழுத்தமாக இருக்கும் வாய்ப்பே அதிகம். மின்பலகையிலோ உள்ளே ஒலிக்கும் மணிப்பெட்டியின் அருகிலோ சிறிய மின்மாற்றி ஒன்று தென்பட்டு, அதன் மேல் '16 வோல்ட், 10 விஏ' என்பதுபோல் அச்சிடப்பட்டிருந்தால் அது குறைந்த மின்னழுத்த அமைப்பாக இருக்கலாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில், முதலில் 300-க்கு மேற்பட்ட வீச்சில் வைத்து அளந்தால் ஐயம் தீர்ந்துவிடும். அளக்கும்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இதில் பழக்கமில்லாதவர்கள் ஒரு மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே முறை.

முழு மின்னழுத்தம் வருகிறது என்றால் இரண்டு வழிகள் உள்ளன. பழைய மணியை அப்படியே விட்டுவிட்டு, பேட்டரி வகையை அதன் பக்கத்தில் மாட்டலாம். அல்லது, மின்பலகைக்குள் மணிக்கான மின்மாற்றி ஒன்றைப் பொருத்தி, பொத்தானுக்குப் போகும் கம்பியைக் குறைந்த மின்னழுத்தத்துக்கு மாற்றும்படி மின்பணியாளரிடம் சொல்லலாம். அப்படி மாற்றினால் முழு மின்னழுத்தத்தில் இயங்கிய பழைய மணி இனி ஒலிக்காது. அதை மின்சுற்றிலிருந்து நீக்கிவிட்டு, வைஃபை வழியாக ஒலிக்கும் தனி மணியொன்றை உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

மின்மாற்றியும் பழைய மணிப்பெட்டியும்

குறைந்த மின்னழுத்தக் கம்பி ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் வேலை எளிது என்று தோன்றும். பெரும்பாலும் எளிதுதான், ஆனால் மின்மாற்றியின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களையும் படித்த பிறகு அந்த முடிவுக்கு வாருங்கள். முதல் எண் வோல்ட். கம்பியில் இயங்கும் வீடியோ மணிகள் பலவும் 16 முதல் 24 வோல்ட் வரை கேட்கின்றன. 8 வோல்ட்டிலும் இயங்கக்கூடியவை சில உண்டு என்றாலும் அதைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரண்டாவது எண் வோல்ட்-ஆம்பியர், அதாவது விஏ. இது மின்மாற்றி மொத்தமாக எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. 16 வோல்ட், 10 விஏ என்றால் 10-ஐ 16-ஆல் வகுக்க, ஏறக்குறைய 0.6 ஆம்பியர்தான் கிடைக்கும். அதே 16 வோல்ட்டில் 30 விஏ மின்மாற்றி 1.9 ஆம்பியர் வரை கொடுக்கும். பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 10 விஏ அளவிலானவை. பகலில் ஒழுங்காக இயங்கும் மணி, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியவுடன் அணைந்து அணைந்து மீண்டும் உயிர்பெறுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த எண்ணையே. முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று என இரண்டு வீடியோ மணிகளை ஒரே மின்மாற்றியில் இணைப்பவர்கள் இரண்டின் தேவையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கம்பியின் நீளமும் கணக்கில் சேரும். 24 கேஜ் அளவிலான மெல்லிய செப்புக்கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம் மின்தடை கொண்டது. மின்மாற்றியிலிருந்து வாசல் 15 மீட்டர் தொலைவில் இருந்தால், போய்வரும் கம்பி 30 மீட்டர், மின்தடை 2.5 ஓம். அதில் 0.6 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.5 வோல்ட் குறைந்துவிடும். 16 வோல்ட்டில் தொடங்கியது வாசலில் 14.5 ஆகிவிட்டால், குறைந்தது 16 வேண்டும் என்று கேட்கும் கருவி முரண்டுபிடிப்பதில் வியப்பில்லை. சுமை எதுவும் இணைக்காமல் அளக்கும்போது மீட்டர் 18 காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம். மணி இணைக்கப்பட்டு, செயலியில் நேரலைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதே உண்மையான அளவு. பல கருவிகளின் செயலிகளே மின்னழுத்த அளவைக் காட்டுகின்றன. குறைவாக இருந்தால் 18 கேஜ் போன்ற தடித்த கம்பிக்கோ (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்), கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் 24 வோல்ட் மின்மாற்றிக்கோ மாறலாம்.

இனி, உள்ளே 'டிங்-டாங்' என்று ஒலிக்கும் பழைய மணிப்பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதிகக் குழப்பம் இங்குதான் நேர்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு கம்பிச்சுருளும் அதன் நடுவே ஓர் இரும்புத்தண்டும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் சுருளில் மின்சாரம் பாய்ந்து, தண்டு விசையுடன் நகர்ந்து உலோகப் பட்டையைத் தட்டும். பொத்தானும் சுருளும் மின்மாற்றியும் ஒரே வரிசையில் இணைந்த சுற்று அது. பொத்தானின் இடத்தில் வீடியோ மணியை வைத்ததும், அது நாள் முழுவதும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அந்தச் சுருளின் வழியாகவே வந்தாக வேண்டும். தண்டை அசைக்கப் போதாத ஆனால் சும்மா இருக்கவும் விடாத அந்தச் சிறு மின்னோட்டத்தால் மணிப்பெட்டி மெல்ல ரீங்கரிக்கும், சில வேளை ஆளில்லாமலே ஒலிக்கும். இன்னொரு விளைவும் உண்டு: பார்வையாளர் பொத்தானை அழுத்தும்போது, மணி ஒலிப்பதற்காக வீடியோ கருவி தன் இரு முனைகளையும் ஒரு கணம் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மின்சாரம் முழுவதும் மணிக்குப் போய்விடுவதால், கருவி உள்ளே சேமித்துவைத்த சிறு இருப்பில்தான் இயங்குகிறது. மின்மாற்றி நலிந்ததாக இருந்தால் அந்த இருப்பு ஒருபோதும் நிரம்பாது. யாரேனும் அழுத்தும் நேரத்தில்தான் படம் நின்றுபோகும்.

இதற்காகவே பல உற்பத்தியாளர்கள் மணிப்பெட்டிக்குள் பொருத்த ஒரு சிறு இணைப்புத் துண்டைக் கருவியுடன் சேர்த்துத் தருகிறார்கள். தேவையில்லை போலிருக்கிறதே என்று அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். அது மணி ஒலிக்காத நேரத்தில் மின்சாரத்தைச் சுருளைச் சுற்றி வேறு வழியில் அனுப்புகிறது. மணிப்பெட்டியில் மின்மாற்றிக்கு ஒன்று, முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று என மூன்று முனைகள் இருப்பது வழக்கம். முன்வாசல் மணிக்கான துண்டு முதல் இரண்டு முனைகளுக்கு இடையே அமர வேண்டும். கம்பிகளைத் தொடுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்வது பின்னால் உதவும். சில மாதிரிகள் மணிப்பெட்டியை முழுவதுமாகத் தவிர்த்துவிடச் சொல்லி ஒரு குறுக்குக்கம்பி தருகின்றன. அவற்றில் பழைய மணி ஒலிக்காது. இசை ஒலிக்கும் மின்னணு மணிப்பெட்டி என்றால் சில கருவிகளுக்கு டையோடு ஒன்றும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு உறுப்பு) தேவைப்படலாம். மணிப்பெட்டியே இல்லாமல் மின்மாற்றியில் நேராக இணைப்பதாக இருந்தால், கையேடு அதை அனுமதிக்கிறதா, இடையில் மின்தடை ஒன்று வைக்கச் சொல்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சுருள் இருக்கும் என்று எண்ணி வடிவமைத்த கருவி, அது இல்லாத சுற்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கெட்டுவிடும்.

பேட்டரி வகை

பேட்டரி வகைகளைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். இவற்றில் வரும் லித்தியம்-அயன் பேட்டரிப் பொதி ஒன்று 3.65 வோல்ட், 6,000 மில்லியாம்பியர்-மணி அளவில் இருந்தால், அதில் உள்ள ஆற்றல் சுமார் 22 வாட்-மணி. கம்பி வகையைப் போல இடைவிடாமல் 3 வாட் எடுத்தால் ஏழெட்டு மணி நேரத்தில் அது காலியாகிவிடும். இரண்டு மாதம் தாங்க வேண்டுமானால் சராசரிச் செலவு ஒரு வாட்டில் நூற்றில் ஒன்றரைப் பங்கு என்ற அளவுக்கு இறங்க வேண்டும். எனவே பேட்டரி மணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தூக்கத்திலேயே கழிக்கிறது. உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சிறு உணரி மட்டும் விழித்திருந்து, யாரோ வருகிறார்கள் என்றதும் கேமராவையும் வைஃபையையும் எழுப்புகிறது. எழுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த நொடியில்தான் சில பதிவுகளின் தொடக்கம் தவறிப்போகிறது. இடைவிடாத பதிவு வேண்டும் என்பவர்கள் பேட்டரி வகையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

பெட்டியின் மேல் 'ஆறு மாதம்' என்று எழுதியிருப்பதைவிட, உங்கள் வாசலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதே பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கும். தெருவை நேராகப் பார்க்கும் வாசலில் ஒவ்வொரு வண்டியும் கருவியை எழுப்பிவிடும். செயலியில் அசைவுப் பகுதியை வாசற்படிக்கும் நடைபாதைக்கும் மட்டும் சுருக்குங்கள். பதிவின் நீளத்தைக் குறையுங்கள். அடிக்கடி நேரலை பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். இவற்றைவிடவும் பலரும் கவனிக்காமல் விடுவது வைஃபையின் வலிமை. தொலைவில் இருப்பவரிடம் ஒரே செய்தியை உரத்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதைப் போல, அலை நலிந்த இடத்தில் கருவி அதே படத்தைப் பலமுறை அனுப்ப முயன்று பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது. செயலியில் தெரியும் வைஃபை அளவு (டிபிஎம் அலகில்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுதல்) மைனஸ் 60-க்கு மேல் இருந்தால் நல்லது. மைனஸ் 70-க்குக் கீழே போனால் ரவுட்டரை இடம் மாற்றுவதோ வழியில் ஓர் அலைபெருக்கியை வைப்பதோ புதுப் பேட்டரியைவிட அதிகப் பலன் தரும்.

வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. உறைநிலைக்குக் கீழே லித்தியம்-அயன் பேட்டரிக்கு மின்னேற்றினால், லித்தியம் எதிர்மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அதனால் நல்ல கருவிகள் அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திக்கொள்கின்றன. கடும் வெயிலும் கெடுதலே. மேற்கு நோக்கிய சுவரில், நிழலின்றி மாட்டிய கறுப்பு நிறக் கருவியின் உட்பகுதி காற்றின் வெப்பத்தைவிட வெகுவாகச் சூடேறும். சிறு மறைப்பு ஒன்று அமைத்தால் பேட்டரியின் ஆயுள் நீள்வதோடு, வெயிலின் கூச்சமும் படத்தில் குறையும்.

பேட்டரி மணியைப் பழைய மணிக்கம்பியிலும் இணைக்கலாம் என்றால், அதன்பின் அது கம்பி மணியாக மாறிவிட்டது என்று பொருளல்ல. பல மாதிரிகளில் கம்பி மெதுவாகச் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவுகிறது. கருவி இயங்குவது அப்போதும் பேட்டரியில்தான். ஆள்நடமாட்டம் மிகுந்த வாசலில், ஏறும் அளவைவிடச் செலவு அதிகமாகி, கம்பி இருந்தும் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டே வரலாம்.

பொருத்தும்போது பெட்டியில் வந்த திருகாணிகளை மட்டுமே, கையேடு காட்டிய இடத்தில் மட்டுமே பயன்படுத்துங்கள். 2020 நவம்பரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ரிங் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் ஏறத்தாழ 3,50,000-க்கான திரும்பப்பெறும் அறிவிப்பை வெளியிட்டது. தவறான திருகாணியைச் செலுத்தியதால் பேட்டரி சூடாகித் தீப்பற்றிய 23 நிகழ்வுகள் அதில் குறிப்பிடப்பட்டிருந்தன. தீர்வாக அந்நிறுவனம் கொடுத்தது திருத்திய பொருத்துமுறைக் கையேடு. பேட்டரி உப்பியிருந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாமல் பிதுங்கி நின்றாலோ அதை மீண்டும் சார்ஜில் போடக் கூடாது.

சூரிய ஒளி, அடாப்டர், நெட்வொர்க் கம்பி

சூரியத்தகடு பேட்டரி வகைக்கான துணைதான். நாள்தோறும் சில மணி நேரம் நேரடி வெயில் படும் வாசலுக்கு அது பயன்படும். உள்ளடங்கிய முகப்புகளுக்கும் கூரை நீண்ட வாசல்களுக்கும் பயன்படாது. கருவிக்கு அடியில் பொருத்தும் தகட்டைவிட, கம்பி நீட்டித் தனியே வெயிலில் வைக்கும் தகடு நன்றாக வேலைசெய்யும்.

பிளக்கில் செருகும் அடாப்டர், வாசலுக்குப் பக்கத்திலேயே உள்ளே ஒரு பிளக் இருப்பவர்களுக்கு நல்ல வழி. கருவி ஏசி கேட்கிறதா டிசி கேட்கிறதா, எத்தனை வோல்ட் என்பதைப் பார்த்து, அதே உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் அடாப்டரை வாங்குவதில் சிக்கல் குறைவு. கதவிடுக்கில் கம்பியை நசுக்கி வெளியே கொண்டுபோகாதீர்கள். உறை தேய்ந்து ஒருநாள் உள்கம்பிகள் ஒன்றோடொன்று உரசிவிடும்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கும், சுவரைத் திறந்து வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது நெட்வொர்க் கம்பி வழியாகவே மின்சாரம் தரும் முறை. மின்பொறியாளர் அமைப்பான ஐ-ட்ரிபிள்-ஈ 2003-இல் வகுத்த 802.3ஏஎஃப் தரத்தின்படி, ஒரே ஈதர்நெட் கம்பியில் தரவும் 15.4 வாட் வரை மின்சாரமும் அனுப்ப முடியும்; 100 மீட்டர் கம்பியில் ஏற்படும் இழப்புப் போகக் கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும். பெரும்பாலான வீடியோ மணிகளுக்கு இது தாராளம். வைஃபை நலிவு, பேட்டரி கழற்றுதல், மணிப்பெட்டியின் ரீங்காரம் எதுவும் இதில் இல்லை; இடைவிடாத பதிவும் இயலும். இதற்கென உள்ள சுவிட்ச் அல்லது மின்சாரம் செலுத்தும் சிறு பெட்டி உள்ளே தேவைப்படும். வெளியே கம்பி தெரியாதபடி சுவருக்குள்ளேயே முடிப்பது முக்கியம், ஏனெனில் வாசலில் தொங்கும் ஈதர்நெட் முனை உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்கான திறந்த வாயில்.

பொருத்திய பின் சோதிக்க வேண்டியவை

மாட்டி முடித்த அன்றே இருட்டும்வரை காத்திருந்து, இரவுப் பார்வை இயங்கும்போது நேரலையைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதே நேரத்தில் ஒருவரை வெளியே நின்று பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். விளக்கு, படம், ஒலி, மணி எல்லாம் ஒன்றாகச் சுமை கொடுக்கும் அந்தத் தருணத்தைத் தாங்கும் அமைப்பு மற்ற நேரங்களில் தடுமாறாது. தாங்காவிட்டால் மின்மாற்றி, கம்பி நீளம், மணிப்பெட்டித் துண்டு என்ற வரிசையில் தேடுங்கள்.

மின்வெட்டையும் ஒருமுறை செயற்கையாக உண்டாக்கிப் பாருங்கள். கம்பி வகை மணி உடனே அணைந்துவிடும். பேட்டரி மணி விழித்திருந்தாலும், ரவுட்டர் அணைந்துவிட்டால் அதன் அறிவிப்பு உங்கள் கைப்பேசிக்கு வராது. ரவுட்டருக்கும் இணையம் வீட்டுக்குள் நுழையும் மோடத்துக்கும் ஒரு சிறு யுபிஎஸ் வைத்தால் பேட்டரி மணிக்கு அது போதும். கம்பி வகையென்றால் மணியின் மின்மாற்றியும், நெட்வொர்க் கம்பி வகையென்றால் அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சும் மின்வெட்டிலும் மின்சாரம் கிடைக்கும் இணைப்பில் இருக்க வேண்டும்; மின்பணியாளர் வீட்டில் இருக்கும்போதே இதைச் சொல்லி இணைத்துவிடச் செய்யுங்கள்.